வேன் நிறுத்த அறிவிப்பு

எங்கள் பனியன் கம்பெனியில் தகவல் தாளை மைக்கில் வாசிப்பது என் வேலை. ஆபீசில் அதைச் சர்க்குலர் என்பார்கள், தையல் ஹாலில் நோட்டீஸ் என்பார்கள். நான் இரண்டையும் ஏற்கமாட்டேன். ஆபீஸ் ஆட்களுக்குள் சுற்றிவந்து கையெழுத்து வாங்குவது சுற்றறிக்கை. ஆணை என்று போட நாங்கள் அரசாங்கம் இல்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது அறிவிப்பு. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஒரு தாளின் தலையில் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்று தெரிந்திருப்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

மேனேஜர் ஆங்கிலத்தில் தருவதை நான் தமிழில் எழுதி, டீ இடைவேளையில் இரண்டு முறை வாசிப்பேன். பிறகு கட்டிங் மாஸ்டர் இந்தியில் வாசிப்பார்.

அன்று காலை ஆபீசுக்குள் நுழைந்ததும் மேனேஜர் தந்த தாளில், அடுத்த மாதத்திலிருந்து பெருமாநல்லூர்ப் பக்கத்து வேன் கிடையாது என்று இருந்தது. அதில் வரும் ஆட்கள் குறைந்துவிட்டார்களாம். சற்று முன்புதான் அந்த வேனிலிருந்து இறங்கியிருந்தேன். என் பக்கத்துச் சீட்டில் எப்போதும் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் அக்கா உட்காருவார். எங்கள் ஊர்ப் பக்கமிருந்து காலையில் ஒரே பஸ்தான், அது இங்கே வருவதற்குள் தையல் ஆட்களுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஆபீஸ் வேலை பிந்தித்தான் தொடங்கும் என்பதால் எனக்கு அந்த பஸ் போதும். அக்காவுக்கு வேன் இல்லையென்றால் வேலை இல்லை.

"ஓவர்லாக் அக்கா மட்டும் கொஞ்சம் லேட்டா வரலாமுங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு உட்டா எல்லாரும் கேப்பாங்க. நீ டைப் பண்ணும்மா" என்றார்.

டைப் செய்தேன். 'வேன் வசதி நிறுத்தப்படுகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' டீ நேரத்தில் மைக்கைப் பிடித்தபோது வழக்கம்போல என் குரல் தெளிவாகத்தான் வந்தது. இரண்டாம் முறையும் வாசித்துவிட்டு மைக்கைக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்தேன்.

எங்கள் கம்பெனியில் எந்த வேனில் வருகிறோமோ அந்த வேன் ஆட்களோடுதான் மதியம் சாப்பிடுவோம். யாரும் வைத்த சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது. மதியம் டிபன் பாக்ஸோடு எங்கள் வேன் கூட்டத்திடம் போனேன்.

"வாங்க அம்மிணி" என்றார் செக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா. "நீங்க தெரிவித்துக்கொள்ளுங்க, நாங்க கேட்டுக்கொள்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன். ஓவர்லாக் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"உனக்கு இது எப்பத் தெரியும் கண்ணு?"

"காத்தால இங்க வந்தப்புறந்தானுங்க்கா. சார்கிட்டக் கேட்டுப் பாத்தனுங்க."

"செரி உடு. நீ என்ன பண்ணுவ" என்று சொல்லி, நகர்ந்து இடம் கொடுத்தார். ஆனால் யாரும் தங்கள் பாக்ஸை என் பக்கம் நீட்டவில்லை. அடுத்த நாள் முதல் ஆபீஸ் மேஜையிலேயே சாப்பிட்டேன். யாரும் வந்து கூப்பிடவில்லை.

வேன் ஓடிய கடைசி நாள் சாயங்காலம் அதிலிருந்து இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "எங்காச்சும் ஆள் எடுக்கறாங்கன்னா எனக்குச் சொல்லு. மைக்குல வேண்டா, போன்ல சொல்லு."

இப்போது அந்த ஒரே பஸ்ஸில் வருகிறேன். வேனில் வந்தவர்கள் யாரும் அதில் இல்லை. இந்த ஊரில் 'ஆட்கள் தேவை' பலகை தொங்காத கம்பெனி கேட் குறைவு. அதுவும் அறிவிப்புதான், ஆனால் அதில் 'கொள்கிறோம்' எல்லாம் கிடையாது: டைலர், செக்கிங், ஹெல்பர், ஒரு போன் நம்பர், அவ்வளவே. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் படும் பலகைகளை வாய்ஸ் மெசேஜில் வாசித்து அனுப்புகிறேன். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

"அக்கா, இங்க ஓவர்லாக்குக்கு ஆள் வேணுமாமுங்க. போன் போட்டுப் பாருங்க."

பல நாள் பதில் வராது. நேற்று மதியம் வந்தது. அக்கா குரலுக்குப் பின்னால் ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"போட்டுக் கேட்டனுங் கண்ணு. அங்கயும் நம்ம பக்கத்துக்கு வேன் இல்லீங்களாம். நீ சாப்ட்டயா?"

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். டிபன் பாக்ஸை இன்னும் திறந்திருக்கவில்லை.