இடது கோடிக் கட்டை

வியாழக்கிழமை காலை கண் விழித்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாய் கொப்பளிக்கவில்லை. வெந்நீரைச் சத்தம் வராமல் விழுங்கினார். தொண்டையில் இருப்பதை மாலை நான்கு மணிவரை சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக வேண்டிய இடம் நகரின் மறுகோடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடம். தொண்டையில் இருந்தது ஒரே ஒரு ஸ்வரம்.

பகலில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். மாலைகளில், படப் பாடல்களுக்குக் கோரஸ் பாடும் எட்டுப் பேர் குழுவில் அடித்தொண்டைக்காரர். குழுவில் அவருக்குப் பீப்பாய் என்று பெயர். உடம்பைப் பார்த்து வைத்ததல்ல, ஆள் குச்சி. பதின்மூன்றாம் வயதில் ஒரு திங்கட்கிழமை அவர் வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்றபோது வாத்தியார் நிமிர்ந்து, எந்தப் பையனின் அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தேடினார். குரல் அன்று இறங்கியதுதான். தொலைபேசியில் பேசுகிறவர்கள் காரணம் தெரியாமலே மரியாதை கொடுத்தார்கள். நேரில் பார்த்ததும் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வாரம் முன்பு, காலை ஆறு மணிக்குக் குழுவின் மாஸ்டர் கூப்பிட்டார்.

"பீப்பாய், கீழ எவ்வளவு தூரம் போகும் உனக்கு? இசையமைப்பாளர் கேக்கறார். பாட்டு முடியறப்ப எல்லாரும் நிறுத்திடணும், நீ மட்டும் கீழ நிக்கணும். எட்டு எண்ணிக்கை."

அவர் அப்போதுதான் எழுந்திருந்தார். மகளின் பழைய கீபோர்டைத் தூசி தட்டிவிட்டு அதன் முன் உட்கார்ந்தார். இடது ஓரத்திலிருந்து மூன்றாவது வெள்ளைக் கட்டைவரை இறங்குவார் என்பது அவருக்கே தெரிந்த கணக்கு. அன்று அதையும் தாண்டி இறங்கியது. இரண்டாவது. பிறகு முதலாவது. அதற்கப்புறம் கட்டை இல்லை, கீபோர்டின் விளிம்புதான் இருந்தது. தொலைபேசியை வாயருகே வைத்து அந்தக் கடைசிக் கட்டையைப் பாடிக் காட்டினார்.

"போதும்" என்றார் மாஸ்டர். "இத வச்சே முடிவ எழுதச் சொல்றேன். அப்புறம் ஒண்ணு, உங்கிட்ட மட்டும் சொல்றேன். அடுத்த மாசத்துலேர்ந்து ஆறு பேர் போதுங்கறாங்க. இது இருந்தா உன்னைக் கழிக்க முடியாது."

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து அதே கட்டையைத் தொட்டுப் பாடினார். காற்றுதான் வந்தது. மூன்றாவது கட்டையோடு குரல் நின்றுவிட்டது. மறுநாள் காலை மீண்டும் வந்தது, மாலையில் இல்லை. நாலு நாள் இப்படியே. மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எடுத்த தொலைபேசியை நாலு நாளும் கீழே வைத்தார்.

கண்ணாடி மாற்ற வந்த தொண்டை மருத்துவர் ஒருவரிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார்.

"ராத்திரி முழுக்க பேச்சில்லாம இருந்தா குரல்நாண் தளர்ந்து கொஞ்சம் தடிச்சிருக்கும்" என்றார் மருத்துவர், எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே. "தடிச்சது மெதுவா அதிரும். பேசப் பேசச் சரியாயிடும்."

"சரியாகாம வச்சுக்கணும்னா?"

மருத்துவர் மூக்கில் மாட்டியிருந்த சோதனைச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "மேல ஏறணும்னா பயிற்சி இருக்கு, ஓரளவுக்கு ஏத்தலாம். கீழ இறங்கறது நாணோட நீளம். இருக்கறதுதான் இருக்கும். யாருக்குங்க?"

"ஒரு நண்பருக்கு."

"உங்க குரல் மாதிரியா அவருக்கும்?"

அதனால்தான் இந்த வியாழக்கிழமை மௌனம். மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே அவர் நீட்டிய துண்டுச்சீட்டைப் படித்தாள். 'மாலை வரை பேச மாட்டேன். பதிவு.'

"இத எழுதிக் காட்டணுமா? இருபது வருஷமா அப்படித்தான இருக்கீங்க."

மகள் சும்மா விடவில்லை. "அப்பா, சுற்றுலாவுக்குப் பேர் குடுக்கவா? வேணாம்னா வாயால சொல்லுங்க." அவர் முறைத்தார். "சரி, குடுத்துடறேன்."

பேருந்தில் ஒருமுறை உள்ளுக்குள் முனகிப் பார்த்தார். இருந்தது. கடை ஷட்டரைத் தூக்கும்போது இன்னொரு முறை. இருந்தது, ஆனால் ஓரம் மெலிந்திருந்தது. சோதித்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது குறைகிறது என்பது தெரிந்தது. பதினைந்து நிமிடம் பொறுத்தார். மறுபடி முனகினார்.

தொண்டை கட்டிவிட்டது என்று முதலாளியிடம் சைகை காட்டிவிட்டு, குச்சியால் எழுத்துகளைத் தொட்டே அன்று வேலை பார்த்தார். வேலைக்குச் சேரப் பார்வைச் சான்று கேட்டு வந்த ஒரு லாரி ஓட்டுநர் எல்லா வரிகளையும் மடமடவென்று படித்தார். கடைசி வரியில் அவர் குச்சியை வலமிருந்து இடமாக நகர்த்தினார். ஓட்டுநர் இடமிருந்து வலமாகவே படித்துக்கொண்டு போனார்.

அவர் குச்சியைக் கீழே வைத்தார்.

"மனப்பாடம்தான் சார்" என்றார் ஓட்டுநர். "அந்த ஒரு வரிதான. ரோட்டுல அவ்வளவு சின்ன எழுத்து எங்க இருக்கு, சொல்லுங்க."

சொல்ல முடியாது. சீட்டில் உண்மையான அளவை எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனார்.

மதியத்தோடு விடுப்பு. தூங்கி எழுந்தால் காலைக்குரல் திரும்பக் கிடைக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். இரண்டரை மணிக்கே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், காத்திருப்பு அறையின் சோபாவில் கால் மடக்கிப் படுத்தார். கண்ணை மூடினால் எட்டு எண்ணிக்கை ஓடியது. புரண்டார். சோபாவின் ரெக்சின் கிரீச்சிட்டது. அது என்ன ஸ்வரம் என்று மனம் தேடியது. எழுந்து மின்விசிறியைக் குறைத்தார். வியர்த்தது. கூட்டினார். மூன்று மணி. மூன்றேகால். தூக்கம் வர வேண்டும் என்று படுத்திருப்பவனைவிட விழிப்பானவன் யாரும் இல்லை.

குழுவில் விசில் என்று அழைக்கப்படும் மேல் ஸ்தாயிக்காரர் உள்ளே வந்தார். "என்ன பீப்பாய், உருண்டு கிடக்கு? அடைப்பு கழண்டுடுச்சா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

நான்கரைக்கு எல்லாரும் மைக் முன்னால் நின்றார்கள். பாட்டு ஓடியது. ஏழு குரல்களும் ஒரே வெட்டில் நின்றன. அவர் வாயைத் திறந்தார். ஹெட்போனில் அவருக்கே அவருடைய மூச்சு கேட்டது. அடியில் ஏதோ உருண்டது, பிடி கொடுக்காமல் உடைந்தது.

"மைக் கிட்ட வாங்க" என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சவுண்ட் இன்ஜினியர்.

கிட்டப் போனார். இரண்டாவது டேக்கில் மூச்சு இன்னும் தெளிவாகக் கேட்டது. மூன்றாவதில் உருண்டதும் வரவில்லை.

"விடுங்க சார், ரெண்டு ஸ்வரம் மேல பாடுங்க. நான் கம்ப்யூட்டர்ல இறக்கிடறேன்."

"செய்யலாமா?" என்றார் மாஸ்டர்.

"யாரை வேணா இறக்கலாம்."

"அப்ப என்னையே இறக்கிடுங்க" என்றார் விசில். "நானும் ஒருநாள் பீப்பாயா இருந்து பாக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் மாஸ்டர் விசிலை ஒரு கணம் பார்த்தார். வேடிக்கைப் பார்வை அல்ல. கணக்குப் போடும் பார்வை. எட்டில் இரண்டு போனால் ஆறு.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். காலையிலிருந்து முதல்முறையாகப் பேசினார்.

"மாஸ்டர், அது எனக்குக் காலைல மட்டும்தான் வரும்."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நீங்க காலைலதான கேட்டீங்க. எனக்கே சாயங்காலம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறம்?"

அவர் ஹெட்போனை மைக் கம்பியில் மாட்டினார். குழுவின் பெண்களில் ஒருவர் தலைகுனிந்து பாட்டுத் தாளைப் பார்த்தார். மாஸ்டர் வெளியே போய் இசையமைப்பாளரிடம் பேசினார். கதவுக் கண்ணாடி வழியாக இசையமைப்பாளரின் தலை ஆடுவது தெரிந்தது. ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை.

"இடத்த காலியா விட்டுடறோம்" என்றார் திரும்பி வந்து. "நாளைக்குக் காலைல ஒரு தடவை. வரலைன்னா கம்ப்யூட்டர்."

"ஆறு மணிக்கு..."

"ஆறுக்கெல்லாம் நான் வர மாட்டேன்" என்றார் இன்ஜினியர். "ஏழரை."

வெள்ளிக்கிழமை மனைவியும் கூட வந்தாள். அவருக்குப் பதிலாகப் பேச. பயணச்சீட்டு அவள் கேட்டாள். நின்றுகொண்டிருந்த ஒருவர் "மணி என்ன சார்?" என்று அவரைக் கேட்டபோதும் அவள்தான் சொன்னாள். "ஊமைங்களா?" என்றார் அந்த மனிதர் இரக்கமாக. "ஏழரை மணிவரைக்கும் மட்டும்" என்றாள்.

ஏழரைக்குக் கூடம் பூட்டியிருந்தது. ஏழே முக்கால். படிக்கட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். முனகிப் பார்க்கத் தொண்டை துடித்தது.

"வேண்டாம்" என்றாள் அவள், திரும்பாமலே.

எட்டு மணி. எட்டு பத்து. வெயில் ஏற ஏறத் தூக்கம் தன்னைவிட்டு இறங்குவதை அவரால் உணர முடிந்தது. கண் தெளிந்துகொண்டே வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. எட்டேகாலுக்கு இன்ஜினியர் வண்டியை நிறுத்திச் சாவியைத் தேடினார். எந்தப் பையிலும் இல்லை. கடைசியில் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் இன்ஜினியருக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக நின்றார். நேற்றுப் பாடிய ஏழு குரல்கள் ஹெட்போனில் வந்து வெட்டி நின்றன. அவர் தள்ளவில்லை. தாடையைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். மார்பெலும்பு முதலில் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு. ஆறாவது எண்ணிக்கையில் லேசாக நடுங்கி, நிமிர்ந்து, எட்டில் நின்றது.

"வந்துடுச்சு" என்றார் இன்ஜினியர். "ஆறுல ஒரு ஆட்டம் இருக்கு. இன்னொரு டேக் போயிடலாமா?"

அவர் உள்ளே தேடிப் பார்த்தார். அங்கே தெளிந்த, திறந்த, பகல்நேரத் தொண்டை இருந்தது.

"இல்ல. அதையே வச்சுக்குங்க."

மனைவியின் கைப்பேசியில் மாஸ்டர் கூப்பிட்டார். "வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. என் காதுல ஒண்ணும் பெரிசா விழல. நாற்காலிதான் ஆடுச்சு."

"நல்லது. அவர்கிட்ட கேளுங்க, அடுத்த மாசம் ஒரு பாட்டு இருக்கு, சாயங்காலப் பதிவு. கீழ எதுவரைக்கும்னு எழுதச் சொல்லட்டும்?"

அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"மூணாவது கட்டை, மாஸ்டர். அதுக்குக் கீழ இல்ல."

"அதுவரைக்கும் போக வேற ரெண்டு பேர் இருக்காங்களே."

"இருக்காங்க."

"சரி" என்றார் மாஸ்டர். "பாக்கறேன்."

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவர் வேகமாக நடந்தார்.

"என்ன சொல்றார்?" என்றாள் அவள், எட்டிப் பிடித்து.

"பாக்கறாராம்."