சவுத்தாலுக்கு ரயில் ஏறிய வாள்வீரர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் உள்ள என் கடையில் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மேற்கு லண்டன் சவுத்தாலில் தர்மண்ணை வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பேசினார். "நித்திரையிலையே போயிட்டார்." துக்கத்துக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரை அறிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். அறியாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

தர்மண்ணை என்று நாங்கள் கூப்பிடும் தர்மகுலசிங்கம் அவர்களும் நானும் ஜேர்மனியிலிருந்து ஒன்றாக லண்டன் வந்தவர்கள். நான் கடை போட்டதும் டிவிடிப் பகுதியை அவரிடம் விட்டேன். வியாபாரம் அவருக்கு வரவே வராது. தொடர் நாடகம் கேட்டு வருகிற சனத்துக்கு அவர் போட்டுக் காட்டியது ஒரேயொரு படம். புகழ்பெற்ற சாகச நாவலொன்றை வைத்து ஹொலிவூட்டில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளை வாள்சண்டைப் படம். நாயகன் ராஜ்யத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, காதலித்தவளையும் விட்டுவிட்டுக் குதிரையேறிப் போய்விடுவான். தர்மண்ணை காட்சிக்குக் காட்சி நிறுத்தித் தமிழில் விளக்குவார். சண்டை வந்தால் என் முருங்கைக்காய்தான் அவருக்கு வாள்.

"முறிஞ்சதை ஆர் அண்ணை வாங்குவினம்?"

"முறிச்சுத்தானே தம்பி கறிக்குப் போடுறது."

அந்த விளக்கங்களைக் கடைசிவரை நின்று கேட்டவர் பத்மா அக்கா ஒருவர்தான். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து மகளைப் படிப்பித்தவர்.

"இந்த விசரன் ஏன் அவளை விட்டிட்டுப் போறான்?" என்பார்.

"அதுதான் வீரம்" என்பார் இவர்.

"வீரமோ? மண்ணாங்கட்டி!"

இருவரும் சிரிப்பார்கள். எனக்கும் கண் இருக்கிறதே. எங்கள் வழக்கப்படி இடையில் நின்று அக்காவிடம் கலியாணம் கதைக்கப் போனேன். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "எனக்குச் சம்மதம். ஆனா அவர் தன்ரை வாயாலை கேக்கவேணும்."

அவர் செய்யவேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்குள், "இந்த வயசிலை உதென்ன கூத்து?" என்று அக்காவின் தமையன் கோயிலில் முணுமுணுத்தது இவர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த கிழமையே சவுத்தாலில் வேலை எடுத்துப் பெட்டி கட்டினார்.

"குடும்பத்துக்குள்ளை சண்டை வரக்கூடாது, தம்பி. நான் விலகுறதுதான் மரியாதை."

"அவவைக் கேட்டனீங்களோ?"

"கேட்டால் எனக்குப் போக ஏலாது."

குதிரை கிடைக்கவில்லை, ரயிலில் போனார். தொலைபேசியில் எத்தனையோ தரம் ஏசினேன். "படத்திலை வாறவன் அடுத்த நாள் தனியச் சமைச்சுச் சாப்பிடத் தேவையில்லை, அண்ணை. நீங்கள் சாப்பிடவேணும்!"

"ஓம் ஓம், வாற கிழமை வந்து கதைக்கிறன்" என்பார். வரமாட்டார். பத்மா அக்கா கடைக்கு வந்தால் டிவிடி அலுமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் போவார்.

இறுதிச் சடங்கன்று பெட்டி திறந்திருந்தது. யாரோ டையைக் கோணலாகக் கட்டிவிட்டிருந்தார்கள். பத்மா அக்கா எல்லோருக்கும் முன்னால் நேரே போய், அதை அவிழ்த்து, அவசரப்படாமல் திரும்பக் கட்டினார். கொலரையும் மடித்துவிட்டார். பக்கத்தில் தமையன் நின்றார். ஏதாவது சொல்லட்டும் பார்ப்போம் என்று நானும் கிட்டப் போனேன். அவர் பூத்தட்டைத் தங்கைக்கு எட்டுமாப்போல் தாழ்த்திப் பிடித்தார்.

தர்மண்ணை, இந்த மனிதருக்குப் பயந்தா லண்டனின் மறுகோடிக்குப் போனீர்கள்? சரி, உங்கள் உடுப்பை அக்கா திருத்திவிட்டார். இனி போய் வாருங்கள்.