சாணத்தில் பாதிப் பங்கு

என் ஓரகத்தியின் அடுப்பில் முதன்முதலாக நீல நிறத்தில் தீ எரிந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? ஈர வறட்டியை ஊதி ஊதிக் கண் சிவந்து, தலையெல்லாம் சாம்பலாக அவள் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். அவள் குழாயைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினாள். புகை இல்லை, கரி இல்லை. "அக்கா, காபி போடட்டுமா?" என்றாள். வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டேன்.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் தம்பி இருவரும் கொடி பிடித்து, மிராசுதாரோடு மல்லுக்கட்டி வாங்கிய நிலம். ஒரே பட்டா, ஒரே கொட்டகை, நாலு மாடு. அண்ணன் பெண்டாட்டி நான், தம்பி பெண்டாட்டி அவள். சாண எரிவாயுத் தொட்டி கட்டிக்கொள்ளச் சொல்லி யூனியன் ஆபீஸிலிருந்து வந்தவர் முதலில் நின்றது என் வாசலில்தான். "சாணிக் காத்துல வெந்த சோத்த எவன் திம்பான்? போங்கய்யா" என்று விரட்டியவளும் நான்தான். அவர் அடுத்த வாசலுக்குப் போனார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

என் எரிச்சல் அடுப்போடு நிற்கவில்லை. விறகு பொறுக்கும் வேலை போனதும் அவள் மகள் ஒருநாள் விடாமல் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். கரிச்சட்டி தேய்க்கிற நேரம் மிஞ்சியதில் ஓரகத்தி தையல் மிஷினில் உட்கார்ந்தாள். ஊர் ரவிக்கையெல்லாம் அவள் வீட்டில்தான். அதே வகுப்பில் படித்த என் மகளோ, வாரத்தில் பாதி நாள் ஆற்றங்கரையில் கருவேல முள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் மகளை எப்படிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றா யோசித்தேன்? அவள் மகளை எப்படி முள்ளுக்கு அனுப்ப வைக்கலாம் என்று யோசித்தேன், பாவி.

கொட்டகை பொது என்றால் சாணமும் பொதுதானே! ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு என்று முறை வைத்தேன். கேஸுக்குப் போன சாணத்தில் சத்து இருக்காது, வயலுக்குச் சக்கைதான் வரும் என்று என் வீட்டுக்காரரிடம் ஓதி அவரையும் தலையாட்ட வைத்தேன். என் முறையில் ஒரு பிடி விடாமல் அள்ளி வறட்டி தட்டினேன். வாயு நிறைந்தால் மேலே எழும்பும் தொட்டியின் இரும்பு மூடி, கொஞ்ச நாளிலேயே இறங்கிப் படுத்துவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அவள் சண்டைக்கு வரவில்லை. அறுப்பு முடிந்து ஊர் மாடுகளை வயலில் அவிழ்த்துவிட்டிருந்த காலம் அது. அங்கே விழுகிற சாணம், யார் முதலில் கூடையில் அள்ளுகிறார்களோ அவர்களுக்கு. அதுதான் எங்கள் ஊர் வழக்கம். விடியும்போதே கூடையோடு மாடுகளின் பின்னால் நடந்தாள். மகளை அனுப்பவில்லை. மூடி மறுபடி எழும்பியது. ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அக்கா, உங்க பங்கையும் தொட்டியிலயே போடுங்க. நாலு மாட்டுச் சாணிக்கு ரெண்டு அடுப்பு எரியுமாம். சுவத்துக்கு இந்தப் பக்கம் குழாய இழுத்துடுவோம். பொண்ணும் ஸ்கூலுக்குப் போவும்ல."

"உன் பிச்சை எனக்கு வேணாம்டி" என்றேன். அந்த வருஷமே என் மகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது.

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கூட்டம். இப்போது கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற ஓரகத்தி மகள் மேடையேறினாள். வெயிலும் காற்றும் சாணமும் கொடுக்கிற சக்தியால் ஒரு நாடு எப்படி முன்னுக்கு வரும் என்று பேச்சு. "வளர்ச்சின்னா என்னன்னு நான் முதல்ல புத்தகத்துல படிக்கல. எங்க அம்மா அடுப்புல புகை நின்னுச்சு, எனக்குப் படிக்க நேரம் கெடச்சுது" என்றாள். ஓரகத்தி முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். இந்த வயசிலும் எனக்குக் காந்தியது. என் பக்கத்தில் இருந்த என் மகளோ, நடவு நட்டுக் காய்த்துப்போன கையால் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தாங்காமல் கேட்டுவிட்டேன்: "உனக்குப் பொறாமையே வராதாடி?"

"அவ மேல எதுக்கும்மா?" என்றாள், மேடையைப் பார்த்தபடியே. "சித்தி குழாய் தர்றேன்னு வந்த அன்னைக்கு நான் முள்ளுக்கட்டோட வாசல்லதான் நின்னேன்."