செருப்பைக் கையில் பிடித்தவர்

எண்ணூர் கழிமுகச் சேற்றில், பெரிய டயரெல்லாம் மாட்டிய என் ஜீப் புதைந்து நின்றது. பின்னால் இறால் கூடைகளோடு ஒரு பழைய ஜீப் வந்தது. பார்த்தால், வாங்கியதிலிருந்து எதையுமே மாற்றாத வண்டி போலிருந்தது. ஓட்டிவந்த ஒல்லி மனிதர் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்தபடி அக்கரைவரை நடந்துபோய்த் திரும்பினார். பிறகு அந்தக் காலடித் தடத்திலேயே வண்டியை விட்டு, சறுக்காமல் கரையேறினார். எனக்கு வயிறு எரிந்தது.

கயிறு கட்டி என்னை இழுத்துவிட்டவரிடம், "வண்டியில என்னண்ணே மாத்தினீங்க?" என்றேன்.

"வண்டில இன்னா கீது நைனா? நீ கீழ எறங்கவே இல்லியே!"

இப்போது நானும் இறங்கி நடக்கிறேன். அவர் காலுக்கு என்ன தெரிந்ததோ, என் காலுக்கு எல்லாம் ஒரே சேறுதான்.