ஒண்ணும் தெரியல

ஆனந்தவள்ளிக்குக் கண் தெரியாது. இதைக் கேட்டதும் ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டுகிறவர்கள், அவளிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடுவார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துப்போய் அவளைச் சமயபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். “நான் துவாக்குடி போகணுங்க! நீங்க புண்ணியம் தேட நான்தான் கிடைச்சேனா?” என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவரே வண்டியை நிறுத்திவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பிச்சமுத்து கோயில் வாசலில் ஆட்டோ ஓட்டினார். மகள் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அவள் படித்து முடித்து, துவாக்குடியில் பாய்லர் பாகங்களை உலையில் வைத்துப் பதமாக்கும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த உலைகளெல்லாம் அவள் பேச்சைத்தான் கேட்கும்.

எப்படி என்றால், டெல்நெட். கம்ப்யூட்டர் உலகத்தின் பழங்காலத்து ஏற்பாடு அது. இங்கே உட்கார்ந்து ஒரு வரி தட்டினால், தூரத்தில் இருக்கிற இயந்திரம் ஒரு வரியில் பதில் சொல்லும். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. எழுத்தாக வருவதை எல்லாம் அவளுடைய ஹெட்போனில் ஒரு குரல் கடகடவென்று படித்துவிடும். எந்த உலையில் எத்தனை டிகிரி, எது ஏறுகிறது, எதைத் தணிக்க வேண்டும் என்று காதிலேயே வைத்திருந்தாள்.

இப்படி ராஜாங்கம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அருள்நாதன் வந்தார். பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனி அனுப்பிய ஆடிட்டர். கணக்குப் பார்க்க வரவில்லை, கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பைப் பார்க்க வந்தவர். தன் லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகிவிட்டு, “நீங்க வழக்கம்போல உள்ள போங்க மேடம்” என்றார். அவள் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

“ரங்காரங்கா. சரிதானுங்களா?” என்றார் அருள்நாதன்.

ஆபீஸே கொல்லென்று சிரித்தது. முதலாளி நவநீதன், “ஸ்ரீரங்கத்துக்காரங்க வேற என்னத்த வைப்பாங்க!” என்று கூடச் சேர்ந்துகொண்டார். ஆனந்தவள்ளிக்கு முகம் எரிந்தது. டெல்நெட் எதையும் மூடி அனுப்பாது, போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் நிற்கிறவன் எவனும் படிக்கலாம். படித்தவன் உலைக்குள்ளேயும் கைவைக்கலாம்.

டெல்நெட்டை மூடச் சொல்லிவிட்டார் அருள்நாதன். நவநீதன் புது சாஃப்ட்வேர் ஒன்றை வரவழைத்தார். திரை முழுக்கக் கலர் கலராக உலைப் படங்கள், சுற்றுகிற முட்கள். எல்லோரும் ஆகா என்றார்கள். ஆனந்தவள்ளியின் ஹெட்போனில் அந்தக் குரல், “படம், படம், பொத்தான், படம்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அவளுடைய நாற்காலியை டெலிபோன் மேஜைக்கு மாற்றினார்கள். “இனி போன் எடுத்தாப் போதும்மா. சம்பளம் குறையாது” என்றார் நவநீதன்.

“சம்பளத்தை யார் சார் கேட்டா? எனக்கு என் வேலை வேணும்” என்றாள். “டெல்நெட்டை மூடுறது சரிதான். ஆனா எழுத்து என்ன சார் பாவம் பண்ணுச்சு? பூட்டுப் போட்டு அனுப்புவோம். எஸ்எஸ்எச்னு இருக்கே, அதே கறுப்புத் திரை, அதே வரிகள். உலையை ஓட்டுற பெட்டிக்கெல்லாம் அது தெரியாது, ரொம்பப் பழசு. பக்கத்துலயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் வச்சுட்டா அது வரைக்கும் பூட்டோட போயிடலாம்.”

அருள்நாதன் யோசித்தார். “நடக்கும். ஆனா நான் சோதிச்சுப் பார்ப்பேன். ஒரு எழுத்து என் கண்ணுல பட்டாலும் அந்தப் படத் திரைதான்” என்றார். நவநீதனும் சம்மதித்தார்.

எலக்ட்ரீஷியன் பாலு வயர் இழுத்துக் கொடுத்தார். மற்றதெல்லாம் ஆனந்தவள்ளியே செய்தாள். வாயும் சும்மா இல்லை, பாலுவுக்குத் தினம் நாலு திட்டு.

சோதனை நாள். தன் பழைய மேஜைக்கு வந்தாள். அங்கே நாற்காலி இல்லை. நின்றபடியே தட்டினாள். உள்ளே போனாள், மூன்றாம் உலையை ஐந்து டிகிரி தணித்தாள். தணிந்துவிட்டது என்று காதில் பதில் வந்தது. பக்கத்தில் அருள்நாதனின் லேப்டாப்பிலிருந்து டக் டக் என்று சத்தம். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“என்ன சார், பேச்சையே காணோம்?”

“ஒண்ணும் தெரியலங்க.”

“நல்லாப் பாருங்க சார்.”

“பார்த்துட்டுத்தானே இருக்கேன். என்னமோ ஓடுது. தலையும் புரியல, வாலும் புரியல. எவ்வளவு முழிச்சுப் பார்த்தாலும் ஒண்ணுமே தெரியலங்க!”

ஆனந்தவள்ளி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “உங்க படத் திரையும் எனக்கு அப்படித்தான் சார் இருந்துச்சு.”

டெலிபோன் மேஜைப் பக்கமிருந்து நாற்காலி தரையில் தேய்ந்து வரும் சத்தம் கேட்டது. இழுத்து வந்தது நவநீதனேதான். அவள் பின்னால் கொண்டுவந்து போட்டார்.

“உட்காரும்மா” என்றார். “நாலாவது எவ்வளவுல இருக்குன்னு பார்த்துச் சொல்லு.”