நீலத் துண்டில் சுற்றிய ஸ்கோப்

பக்கத்து மளிகைக் கடையில் பால் வாங்கப் போனபோது, ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்குள் நீலத் துண்டில் சுற்றிய பொதி அப்படியே கிடந்ததைப் பார்த்தேன். மணி ஒன்பதரை. எங்கள் கடை திறந்ததும் அங்கே விற்பனை பார்க்கும் சண்முகம் அண்ணன் முதலில் எடுப்பது அதைத்தான். இன்னும் வரவில்லை போல என்று நினைத்துத் திரும்பினேன். நாங்கள் வேலை செய்யும் வேட்டைச் சாமான் கடை வாசலில் அம்மா ஃபோனைக் காதில் வைத்தபடி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பேசியது அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ரூம்காரர். டியூட்டிக்குக் கிளம்பி, சட்டையில் ஒரு கையை நுழைத்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு முப்பத்தெட்டு வயது.

இந்த அரபு ஊரில், நம் சத்வா பகுதியில் அவரைத் தெரிந்த உங்களில் பலரும் அவரிடம் டார்ச் வாங்கியிருப்பீர்கள். அவருடைய முக்கியமான வேலை வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் ஸ்கோப் விற்பது. தூரத்தில் நிற்கும் மலை ஆட்டைக் கிட்டே காட்டும் குழாய் அது. வெளிநாட்டு மலைகளுக்கு வேட்டைக்குப் போகும் அரபிகள் வந்து வாங்குவார்கள். அதே கடையின் ஒரு மூலையில் அம்மா துப்பாக்கி உறைகள் தைக்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றதும், நான் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வந்தேன்.

அண்ணன் போவதற்கு முந்தைய நாள் அபு ஹமத் என்கிற பெரியவர் வந்தார். முழங்காலில் வலி உள்ளவர். மகனோடு மலைக்குப் போகிறாராம். இருப்பதிலேயே பெரிய ஸ்கோப் வேண்டும் என்றார். அண்ணனும் அவரும் பேசியது பாதி இந்தி, பாதி அரபி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாபா, இதைக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் சாயா வாங்கிட்டு வந்துடறேன்."

"எவ்வளவு நேரம்?"

"மலை ஏறுற நேரத்தை விடக் கம்மிதான்."

சாயா வருவதற்குள் பெரியவரின் கை இறங்கிவிட்டது. "ஆனா இதுலதான் ஆடு பெரிசாத் தெரியுது," என்று முறைத்தார்.

"தெரியும் பாபா. உங்க மூச்சு வாங்குறதும் சேர்ந்து பெரிசாத் தெரியும். ஆடு குதிக்கிற மாதிரி இருக்கும், அது சும்மா நின்னுக்கிட்டு இருக்கும்."

பெரியவர் சிரித்துவிட்டார். பாதி எடைகூட இல்லாத சின்னது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார் அண்ணன்.

ஆனால் உடனே கொடுத்தனுப்பவில்லை. அவர் வழக்கம் அது. ஸ்கோப்பை ஒரு பலகையில் இறுக்கி, எதிரே இருக்கும் முடிவெட்டும் கடையின் பெயர்ப்பலகை ஆணிக்கு நேராக உள்ளே தெரியும் சிலுவைக் கோட்டை வைப்பார். பிறகு தன் ரப்பர் செருப்பைக் கழற்றி நாலு தட்டு தட்டுவார். கோடு ஆணியை விட்டு நகர்ந்தால் அந்த ஸ்கோப் திரும்பிப் போகும். முடிவெட்டும் பாய் கத்தரியும் கையுமாக வெளியே வந்து, "என்னைத்தான் அடிக்கிறியா?" என்று கத்துவார்.

கடைசிச் சோதனை ஃப்ரீசர். முதல் நாள் மாலை உள்ளே வைத்து, காலையில் வெளியே வெயிலுக்குக் கொண்டுவருவார். கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். வெளியே படிந்தது போய்விடும். குழாய்க்குள் ஈரம் இருந்தால் உள்பக்க மங்கல் போகாது. தெளிவாக இருந்தால் "ம்" என்பார். நான் சீட்டில் டிக் போடுவேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். யாராவது என்னைப் பேசச் சொல்லித் தொந்தரவு செய்தால், "விடுங்கப்பா, பாப்பா பேசினா சத்வால கரண்ட் போயிடும்," என்று அவர்களை அனுப்பிவிடுவார்.

"நீ வேட்டைக்கே போனதில்லையே, இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அம்மா ஒரு முறை கேட்டாள்.

"கோவமா திரும்பி வர்றவங்ககிட்ட கேட்டுக்குவேன்க்கா," என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார். சோதிக்காமல் அவர் விற்ற ஒரு ஸ்கோப், மலைக் குளிரில் உள்ளே ஆவி படிந்து மங்கிவிட்டதாம். எட்டு நாள் பனியில் காத்திருந்த மனிதர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "திட்டவே இல்லக்கா. வச்சிட்டுப் போயிட்டாரு."

அண்ணனின் சாமான்களை ரூம்காரர் கட்டி, அவர் ஊரான சிவகங்கைக்கு அனுப்பினார். தன் மகளுக்கு அண்ணன் வாங்கி வைத்திருந்த பள்ளிப் பையும் அதில் போனது. நீலத் துண்டு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அன்று காலை நடந்ததைச் சொன்னால்தான் அது ஏன் என்று புரியும்.

ஃப்ரீசரில் இருந்தது அபு ஹமத்தின் ஸ்கோப். அன்று அவர் வாங்க வருகிற நாள். நான் அதை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நின்றேன். துடைத்தேன். ஆவி வந்தது. மறுபடி துடைத்தேன். குழாய் கையில் சூடாகும்வரை நின்றேன். கண்ணாடியின் ஓரத்தில், உள்பக்கம், நகம் அளவுக்கு ஒரு வெண்மை. அது போகவில்லை.

மேனேஜர் பார்த்துவிட்டு, "வெளி ஈரம்தாம்மா. ஆளே போயிட்டாரு, இன்னிக்கு டெஸ்ட் எதுக்கு? பேக் பண்ணு. கலாஸ், முடிஞ்சுது," என்றார். அவர் கண்களும் சிவந்திருந்தன. நான் பெட்டியில் வைத்தேன். சீட்டில் டிக் போடவில்லை.

அபு ஹமத் வந்து, "ஷண்முகம் எங்கே?" என்றார். மேனேஜர் சொன்னார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். பிறகு எழுந்து பெட்டியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அவன் எனக்காக எடுத்து வச்சது. வேற எதுவும் வேண்டாம்," என்றார்.

அவர் வாசல்வரை போய்விட்டார்.

"பாபா," என்றேன். கடையில் எல்லாரும் திரும்பினார்கள். "மாஃபி ஸேன். இது நல்லா இல்ல."

மேனேஜர், "யார் சொன்னா?" என்றார்.

"சண்முகம் அண்ணன் இதுக்கு 'ம்' சொல்ல மாட்டாரு."

பெட்டியை வாங்கித் திறந்து, அந்த வெண்மையைப் பெரியவருக்குக் காட்டினேன். வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "நாளைக் காலையில எனக்கு ஃப்ளைட்," என்றார், மெதுவாக. "சாயங்காலம் வாங்க பாபா, அதுக்குள்ள குளிர வச்சுப் பார்த்துடறேன்," என்றேன்.

அலமாரியில் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. பலகையில் இறுக்கினேன். செருப்பைக் கழற்றி நாலு தட்டு தட்டினேன். எதிர்க்கடைப் பாய் கத்தரியைக் கீழே இறக்கிக் கதவருகே நின்று பார்த்தார். கோடு ஆணியிலேயே நின்றது. ஸ்கோப்பை நீலத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மளிகைக் கடைக்குப் போய், ஐஸ்கிரீம் பெட்டிகளை ஓரம் தள்ளி உள்ளே வைத்தேன்.