ஆரோக்கியமேரி டீச்சர் நகர்த்திய பேருந்து நிறுத்தம்

சென்ற திங்கட்கிழமை ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தபோது டீச்சரின் ஊரான ஆவூரிலிருந்து அழைப்பு வந்தது. "அம்மா போயிட்டாங்க சார்" என்றார் ஆரோக்கியமேரி டீச்சரின் மகன். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் டீச்சர். கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை என்னால் முடிக்க இயலவில்லை.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் அரசுப் பள்ளியில் அவர் தையல் ஆசிரியை. ஐம்பதைத் தாண்டிய பிறகே கணினி அறைக்குள் வந்தார். வண்ணக் கட்டங்களை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் திரையில் படங்கள் நகரும் மென்பொருளை அங்கே நாங்கள் இருவரும் சேர்ந்தே கற்றோம். அவர் செய்த முதல் பேருந்து நிற்காமல் ஓடித் திரைக்கு வெளியே மறைந்தது. நான் சிரித்தேன். "சிரிக்காதீங்க சார். போகச் சொன்னேன், போயிருச்சு. நிக்கச் சொன்னேனா?" என்றபடி அடுத்த கட்டத்தைத் தேடினார்.

பள்ளி வாசலில் நடந்த விபத்து உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேருந்திலிருந்து இறங்கி, அதன் முன்பக்கமாகச் சாலையைக் கடந்த ஏழாம் வகுப்பு மாணவி மீது பைக் மோதி, அவள் கால் முறிந்தது. நிறுத்தம் வளைவிலேயே இருந்தது. மாற்றச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தோம். "புள்ளைகதான் பாத்துப் போகணும்" என்றார்கள் அதிகாரிகள்.

கிராம சபையில் காட்டுவதற்காக டீச்சர் அந்த வளைவை முந்திரித் தோப்போடு திரையில் வரைந்தார். பேருந்து நிற்கும், சிறுமி இறங்குவாள், எதிரே வளைவு திரும்பி பைக் வரும். மோதுவதையும் காட்டினால்தான் உறைக்கும் என்றேன். மறுத்துவிட்டார்.

"அந்தப் புள்ளையோட ஆத்தாவும் வந்து உக்காந்திருக்கும் சார். அது கண்ணு முன்னாடி இன்னொருக்கா அடிபடணுமா?"

கிராம சபையில் படத்தை ஓட்டினார். மோதலுக்கு முன்பே நிறுத்தி, பைக்கில் வருபவரின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று காட்டினார். தோப்பும் மரங்களின் இடைவெளியில் பேருந்தின் மேல்பாகமும் தெரிந்தன, சிறுமி தெரியவில்லை. பிறகு நிறுத்தத்தின் இடத்தைக் குறிக்கும் ஒரே ஓர் எண்ணை மாற்றினார். நிறுத்தம் வளைவைத் தாண்டி நகர்ந்தது. சிறுமி தெளிவாகத் தெரிந்தாள்.

கூட்டத்திலிருந்து அடிபட்ட மாணவியின் தாய் எழுந்தார். "எம்மக பாக்காமப் போகலங்க. இப்பவாச்சும் நம்புறீங்களா?"

அன்றே தீர்மானம் போட்டார்கள். சில வாரங்களில் நிறுத்தம் இடம் மாறியது.

அடக்கம் முடிந்து வந்து, பள்ளிக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். யாரிடமும் சொல்லாமல் டீச்சர் கடைசியில் ஒரு காட்சி சேர்த்திருந்தார். சிறுமி சாலையைக் கடந்து பள்ளிக்குள் ஓடி வருகிறாள். டீச்சரே சின்னப் பிள்ளை மாதிரிக் குரல் கொடுத்திருக்கிறார்: "வந்துட்டேன் டீச்சர்!"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலை.